கைதட்டலுக்குப் பின்: கொள்ளைநோய்க் காலங்களில் செவிலியரின் மனம்

2020-ஆம் ஆண்டைச் செவிலியருக்கும் பேறுகாலப் பணியாளர்களுக்கும் உரிய ஆண்டாக உலக சுகாதார நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 ஆண்டுகள் நிறைவதைக் கொண்டாடும் ஏற்பாடு அது. கொண்டாட்டம் தொடங்குவதற்குள் கோவிட் வந்துவிட்டது. மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு நாம் வாசலிலும் மொட்டை மாடியிலும் நின்று கைதட்டினோம், தட்டுகளைத் தட்டினோம். மே 3 அன்று விமானப்படை ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகளின் மீது பூத்தூவின. ‘முன்களப் பணியாளர்’ என்ற சொல் சில வாரங்களிலேயே எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது.

அது போர்க்களத்திலிருந்து எடுக்கப்பட்ட சொல். உலக அளவில் சுகாதாரத் துறையிலும் சமூகப் பராமரிப்பிலும் வேலை செய்பவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் பெண்கள். ஆக, இந்தக் களத்தில் நின்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போருக்குப் போய்த் திரும்பும் ஆணுக்குப் பதக்கம் உண்டு, ஓய்வூதியம் உண்டு, அவன் கண்ட பயங்கரத்தைப் பற்றிக் கதைகளும் திரைப்படங்களும் உண்டு. தூக்கம் கெட்டுத் திரும்பும் வீரனின் மனத்தைப் பற்றி மருத்துவம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிவருகிறது. கொள்ளைநோய் வார்டிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் பெண்ணின் மனத்தைப் பற்றி யார், எப்போது பேசினார்கள்? இந்தக் கேள்வியோடுதான் நான் கடந்த இருபது ஆண்டுகளின் கொள்ளைநோய் ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினேன்.

விளக்கும் படுக்கையும்

நைட்டிங்கேலிடமிருந்தே தொடங்கலாம். நம் பாடப்புத்தகங்களில் அவர் கையில் விளக்கோடு நிற்கிறார். கிரிமியப் போர் மருத்துவமனையில் இரவில் நோயாளிகளைப் பார்வையிடும் அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது முப்பத்துச் சொச்சம். அவர் 1856-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். அடுத்த ஆண்டே உடல் நொடிந்து விழுந்தார். அதன் பிறகு பல ஆண்டுகளைப் பெரும்பாலும் அறைக்குள்ளும் படுக்கையிலும் கழித்தார். படுக்கையிலிருந்தபடியே இராணுவ மருத்துவமனைகளின் இறப்புக் கணக்குகளை அலசினார், அறிக்கைகள் எழுதினார். போர்முனையில் தொற்றிய நாள்பட்ட காய்ச்சல்தான் காரணம் என்று ஒரு சாராரும், மனச் சோர்வு என்று மற்றொரு சாராரும் இன்றும் வாதிடுகிறார்கள்.

காரணம் எதுவாக இருந்தாலும், வரலாறு விளக்கை எடுத்துக்கொண்டது, படுக்கையை விட்டுவிட்டது. சேவை செய்யும் பெண்ணுக்கு உருவம் கிடைத்தது. சேவைக்குப் பிறகு நொறுங்கிய பெண்ணுக்கு உருவம் கிடைக்கவில்லை. செவிலியம் என்ற தொழில் அந்த முதல் உருவத்தின் மீதுதான் கட்டப்பட்டது. நம் மருத்துவமனைகளில் செவிலியரை இன்றும் ‘சிஸ்டர்’ என்றே அழைக்கிறோம். கன்னியாஸ்திரிகள் நோயாளிகளைப் பராமரித்த காலத்தின் எச்சம் அந்தச் சொல். சகோதரிக்குச் சம்பளம் பேச முடியாது. சகோதரி களைத்துப்போனதாகச் சொல்லவும் கூடாது.

வலிக்குப் பெயர் வைத்தவர்கள்

ஒரு துன்பத்துக்குப் பெயர் இல்லாதவரை அது அந்தப் பெண்ணின் தனிப்பட்ட பலவீனமாகவே இருக்கும். பராமரிப்பு வேலையின் மனச்சுமைக்குப் பெயர்கள் மிகத் தாமதமாகத்தான் வந்தன.

1974-இல் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர், இலவச மருத்துவமனை ஒன்றில் வேலை செய்தவர்களைப் பார்த்து ‘பர்ன்அவுட்’ என்று எழுதினார். எரிந்து தீர்ந்துபோதல் என்று பொருள் கொள்ளலாம். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண் உளவியலாளர் அதை அளக்கும் முறையை 1981-இல் உருவாக்கினார். மனம் வற்றிப்போதல், நோயாளியை மனிதராகப் பார்க்க முடியாமல் போதல், தன் வேலைக்குப் பயனே இல்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றையும் அது அளந்தது. 1983-இல் ஆர்லி ஹோஷீல்டு என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து ‘உணர்ச்சி உழைப்பு’ என்ற கருத்தை முன்வைத்தார். முகத்தில் புன்னகையை வைத்திருப்பதும் வேலைதான். ஆனால் அந்த வேலைக்குக் கூலி கணக்கிடப்படுவதில்லை. அடுத்த ஆண்டு ஆண்ட்ரூ ஜேமட்டன் செவிலியரைப் பற்றியே எழுதினார். எது சரி என்று தெரிந்தும், மருத்துவமனையின் அமைப்பு அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது ஏற்படும் துயரத்தை அவர் ‘அறத்துயர்’ என்ற பொருளில் குறிப்பிட்டார்.

கடைசிச் சொல்லை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 2021 மே மாதத்தில் ஆக்ஸிஜன் படுக்கை ஒன்றுதான் இருக்கிறது, வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நிற்கின்றன என்றால், அங்கே நின்ற செவிலியருக்கு வந்தது வெறும் சோர்வு அல்ல. அது அறத்துயர். யோகா வகுப்பால் அது தீராது.

டொரன்டோ, 2003

கோவிடுக்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஒத்திகை நடந்து முடிந்திருந்தது. 2003-இல் பரவிய சார்ஸ் நோய் உலகில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தாக்கியது. 774 பேர் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். ஆசியாவுக்கு வெளியே மிக அதிகமாகப் பாதிக்கப்பட்ட நகரம் கனடாவின் டொரன்டோ. அங்கே 44 பேர் இறந்தார்கள்.

அந்த ஆண்டு மே மாதத்தின் நடுவில் நோய் ஓய்ந்துவிட்டதாக எல்லாரும் நம்பினார்கள். ஒன்டாரியோ மாகாண அரசு அவசரநிலையை விலக்கியது. மருத்துவமனைகளில் முகக்கவசக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆனால் நார்த் யார்க் பொது மருத்துவமனையின் செவிலியர்கள் சிலர், நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் அதே அறிகுறிகளைக் கண்டார்கள். சார்ஸ் போய்விடவில்லை என்று சொன்னார்கள். அது சார்ஸ் இல்லை என்று அவர்களுக்குப் பதில் சொல்லப்பட்டது. மே 23 அன்று இரண்டாவது அலை அறிவிக்கப்பட்டது. அதே மருத்துவமனையின் எலும்பியல் வார்டுச் செவிலியர் நெலியா லரோசா ஜூன் மாத இறுதியில் இறந்தார். மற்றொரு மருத்துவமனையில் முதல் அலையின்போது சார்ஸ் நோயாளிகளைப் பராமரித்த டெக்லா லின் ஜூலையில் இறந்தார். அவருடைய கணவரும் அதே நோயில் இறந்திருந்தார். இருவரும் கனடாவில் குடியேறிய ஆசியப் பெண்கள்.

நீதிபதி ஆர்ச்சி கேம்ப்பெல் தலைமையிலான விசாரணை ஆணையம் இதையெல்லாம் பதிவு செய்தது. பயத்தின் வசந்தம் என்று பொருள்படும் தலைப்பில் அதன் இறுதி அறிக்கை வெளிவந்தது. மூன்று தொகுதிகள். என்னை அதில் நிறுத்தி வைத்தவை செவிலியரின் சாட்சியங்கள்தான். குழந்தைக்கு நோயைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சம், வேலைக்கும் வீட்டுக்கும் தவிர எங்கும் போகக்கூடாது என்ற தனிமை, தான் சொன்னதை யாரும் கேட்கவில்லை என்ற கசப்பு. அவர்களை மிகவும் உடைத்தது இந்தக் கடைசிக் கசப்புதான் என்பது என் வாசிப்பு.

அந்த அறிக்கை இன்னோர் ஒப்பீட்டையும் செய்கிறது. வான்கூவர் நகரத்துக்கும் அதே மார்ச் மாதத்தில், ஏறக்குறைய அதே நாளில் சார்ஸ் நோயாளி ஒருவர் வந்தார். அங்கே மருத்துவமனை உடனே அவரைத் தனிமைப்படுத்தியது, பணியாளர்களுக்குத் தகுந்த முகக்கவசம் கொடுத்தது. டொரன்டோவைப் போன்ற பரவல் அங்கே ஏற்படவில்லை. அதிர்ஷ்டமும் ஒரு பங்கு என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் பணியாளரின் பாதுகாப்பை முதலில் வைக்கும் பழக்கம் அங்கே இருந்தது. அறிவியல் முழுமையாக உறுதிப்படுத்தும்வரை காத்திருக்காமல், ஆபத்தைக் குறைக்கும் நியாயமான நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்பதே ஆணையத்தின் முதன்மையான பாடம்.

மனத்தைப் பற்றியும் ஆய்வு நடந்தது. ராபர்ட் மாண்டர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும், சார்ஸ் வந்துபோன 13 முதல் 26 மாதங்களுக்குப் பிறகு 769 மருத்துவமனைப் பணியாளர்களைச் சந்தித்தார்கள். சார்ஸ் நோயாளிகளை ஏற்ற டொரன்டோ மருத்துவமனைகளையும், ஏற்காத ஹாமில்டன் மருத்துவமனைகளையும் ஒப்பிட்டார்கள். டொரன்டோவில் எரிந்து தீர்ந்த நிலையில் இருந்தவர்கள் 30 சதவீதம். ஹாமில்டனில் 19 சதவீதம். மனவேதனை அதிகமாக இருந்தவர்கள் டொரன்டோவில் 45 சதவீதம்; ஹாமில்டனில் 30 சதவீதம். பலர் வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள்; நோயாளிகளை நேரில் பார்க்கும் பணியிலிருந்து விலகியிருந்தார்கள். நோய் ஒழிந்து ஓராண்டுக்கும் மேலான பிறகு எடுத்த கணக்கு இது. இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். தனக்குப் போதிய பயிற்சியும் ஆதரவும் கிடைத்தது என்று உணர்ந்தவர்களிடம் இந்தப் பாதிப்பு குறைவு.

செவிலியர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். தங்களை அரசு பாதுகாக்கத் தவறியது என்று 53 செவிலியர்களும் அவர்கள் குடும்பத்தாரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 2009-இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. மாகாண அரசின் கடமை பொதுமக்கள் அனைவருக்குமானது. செவிலியருக்கெனத் தனியான கடமை இல்லை என்பது அதன் சாரம். பொதுமக்களுக்காக உயிரைப் பணயம் வைக்கும்போது அவள் செவிலியர். அவளுக்கு ஆபத்து வரும்போது கூட்டத்தில் ஒருத்தி.

மகள், தாய், மனைவி

அதே 2003-இல் ஹாங்காங்கில் ஜோவான்னா ட்ஸே என்ற இளம் மருத்துவர் சார்ஸ் வார்டில் பணியாற்றத் தானே முன்வந்து, நோய் தொற்றி இறந்தார். மக்கள் அவரை ‘ஹாங்காங்கின் மகள்’ என்று கொண்டாடினார்கள். 2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிராவில் நிபா நோயாளியைப் பராமரித்த செவிலியர் லினி இறந்தார். அவர் கணவருக்கு எழுதிய கடைசிக் கடிதம் நாடெங்கும் பரவியது. நாம் எல்லாரும் அந்தத் தாய்க்காக, மனைவிக்காக அழுதோம். அவர் நிரந்தரப் பணியில் இல்லாத செவிலியர் என்பது அந்த அழுகைக்கிடையே அதிகம் பேசப்படவில்லை. கேரள அரசு பிள்ளைகளுக்கு உதவித்தொகையும் கணவருக்கு அரசு வேலையும் அளித்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் லினிக்குக் கிடைக்காத நிரந்தர வேலை அவர் இறந்த பிறகுதான் அந்த வீட்டுக்கு வந்தது.

உறவுப்பெயர் அன்பைக் காட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் மகளுக்கும் தாய்க்கும் வேலை நேரம் கிடையாது. ‘தாயைப் போலப் பார்த்துக்கொண்டார்’ என்று சொல்லிவிட்டால், தொடர்ந்து எத்தனை இரவு ஷிஃப்ட் பார்த்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

வூஹான், நியூயார்க்

கோவிடின் தொடக்கத்தில் எச்சரித்தவர் என்றால் உலகம் லீ வென்லியாங்கை நினைக்கிறது. அவர் பகிர்ந்த பரிசோதனை அறிக்கை முதலில் வந்தது அய் ஃபென்னிடமிருந்து. வூஹான் மத்திய மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவர் அவர், ஒரு பெண். 2019 டிசம்பர் 30 அன்று அந்த அறிக்கையைச் சக மருத்துவர்களுக்கு அனுப்பியதற்காகத் தன் மருத்துவமனை நிர்வாகம் தன்னைக் கடுமையாகக் கண்டித்ததாக 2020 மார்ச்சில் ஓர் இதழுக்குப் பேட்டி அளித்தார். அந்தப் பேட்டி இணையத்திலிருந்து நீக்கப்பட்டது. மக்கள் அதை மோர்ஸ் குறியீட்டிலும் எமோஜிகளிலும் மாற்றி எழுதிப் பரப்பினார்கள். கண்டிப்புக்குப் பயந்து அதற்கு மேல் பேசாமல் இருந்ததையும், பின்னர் சக ஊழியர்கள் ஒவ்வொருவராக இறந்ததையும் அவர் அந்தப் பேட்டியில் சொல்கிறார். டொரன்டோ செவிலியரின் அதே கசப்பு.

பிப்ரவரி மாதம் கான்சு மாகாணத்திலிருந்து ஹூபேய்க்குப் புறப்பட்ட பெண் செவிலியர்களின் தலையைக் கேமரா முன் மழித்தார்கள். தியாகம் என்று காட்டப்பட்ட அந்தக் காட்சியில் சிலர் கண்ணீர்விட்டார்கள். சீனப் பெண்கள் இணையத்தில் கொதித்தெழுந்தார்கள். அதே வாரங்களில் வார்டுகளில் இருந்த பெண்களுக்கு மாதவிடாய் நாப்கின் இல்லை. லியாங் யூ என்ற இளம்பெண் நன்கொடை திரட்டி லட்சக்கணக்கான நாப்கின்களையும் உள்ளாடைகளையும் அனுப்பினார். பெண்ணின் முடியைத் தியாகமாகக் கேட்க நினைவிருந்த நிர்வாகங்களுக்கு அவளுடைய உதிரப்போக்கு நினைவில்லை.

சீனாவின் 34 மருத்துவமனைகளில் 1,257 மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் அப்போது எடுத்த ஆய்வில், பாதிப் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. மூன்றில் ஒருவருக்குத் தூக்கமில்லை. பெண்களிடமும் செவிலியர்களிடமும் வூஹானின் வார்டுகளில் நேரடியாக நின்றவர்களிடமும் பாதிப்பு கடுமையாக இருந்தது. பெண் மனம் இயல்பிலேயே மென்மையானது என்று இதற்கு விளக்கம் சொல்பவர்கள் உண்டு. நோயாளியின் படுக்கையருகே அதிக நேரம் நிற்பவர் யார், முடிவெடுக்கும் அறையில் இல்லாதவர் யார் என்று கேட்டாலே அந்த விளக்கம் நிற்காது.

நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய மருத்துவர் லோர்னா ப்ரீன், கோவிட் வந்து மீண்டு, உடனே பணிக்குத் திரும்பி, 2020 ஏப்ரல் 26 அன்று தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். மனநல சிகிச்சை பெற்றது தெரிந்தால் மருத்துவர் உரிமம் போய்விடுமோ என்று அவர் அஞ்சியதாகக் குடும்பத்தார் பின்னர் சொன்னார்கள். நோயாளிக்குச் சிகிச்சை தரும் அமைப்பு, தன் மருத்துவர் சிகிச்சை தேடுவதைக் குற்றம்போல் பார்த்தது. அவருடைய குடும்பத்தார் அமைதியாக இருந்துவிடவில்லை. 2022 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்களின் மனநலத்துக்கான சட்டம் ஒன்று அவர் பெயரிலேயே அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது.

நம் ஊரில்

இந்தியாவில் நிலைமைக்கு இன்னோர் அடுக்கும் உண்டு. பிறர் உடலைத் தொடுவதும் கழிவைத் துடைப்பதும் இங்கே சாதியோடு பிணைந்த வேலைகள். இரவில் வெளியே வேலை செய்யும் பெண்ணைச் சந்தேகிக்கும் சமூகம் இது. அதனால் நெடுங்காலம் உயர்சாதிக் குடும்பங்கள் செவிலியத்தை ஒதுக்கின. கிறித்தவப் பெண்களே பெருமளவில் அந்தத் தொழிலுக்கு வந்தார்கள். கோவிட் அந்தப் பழைய தீண்டாமைக்குப் புதிய காரணம் கொடுத்தது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். 2020 ஏப்ரலில் சென்னையில் கோவிடால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கும்பல் தாக்கியது. சக மருத்துவர் இரவில் தன் கையால் மண்ணள்ளிப் போட வேண்டியிருந்தது. கைதட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போன ஒவ்வொரு செவிலியரின் மனத்திலும் என்ன ஓடியிருக்கும்?

மே மாதம் கொல்கத்தாவின் தனியார் மருத்துவமனைகளிலிருந்து மணிப்பூர் உள்ளிட்ட மாநிலங்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான செவிலியர்கள் வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். பொறுப்பற்றவர்கள் என்று அவர்களைச் சாடினார்கள். போதிய பாதுகாப்பு உடை இல்லை, அக்கம்பக்கத்தில் ஏளனம், இன அவமதிப்பு என்று அவர்கள் காரணங்களைச் சொன்னார்கள். நான் அதை ஓட்டமாகப் பார்க்கவில்லை. தன் மனத்தைக் காத்துக்கொள்ள ஒரு தொழிலாளி எடுத்த முடிவாகவே பார்க்கிறேன். ஆகஸ்டில் ஆஷா பணியாளர்கள் லட்சக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்த அந்தப் பெண்கள் அரசின் கணக்கில் தொழிலாளர்கள் அல்ல, தன்னார்வலர்கள். கோவிட் பணிக்கு அவர்களுக்கு அறிவிக்கப்பட்ட கூடுதல் தொகை மாதம் 1,000 ரூபாய். 2022-இல் உலக சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது வழங்கியது. விருதை அரசு வரவேற்றது. தொழிலாளர் என்ற தகுதி வரவில்லை.

தமிழ்நாட்டில் 2015 முதல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக ஆயிரக்கணக்கான செவிலியர்கள் தொகுப்பூதியத்தில் எடுக்கப்பட்டார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் திரண்டு நிரந்தரப் பணி கேட்டுப் போராடினார்கள். கோவிட் வந்ததும் மேலும் பல ஆயிரம் பேர் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டார்கள்; மாதம் 14,000 ரூபாய். பிபிஇ உடைக்குள் ஒரே மூச்சாக ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல், கழிப்பறைக்குப் போகாமல் நின்றார்கள். மாதவிடாய் நாள்களிலும் அதே உடைதான். வீட்டுக்கு வந்தால் சமையலும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்பும் காத்திருந்தன. 2022 டிசம்பர் 31-உடன் அவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பணி நீட்டிக்கப்படவில்லை. புத்தாண்டு அன்று அவர்கள் சாலையில் இருந்தார்கள்.

மனநலம் என்றதும் உதவி எண்ணைக் கொடுக்கிறோம். 104 இருக்கிறது, 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் 14416 இருக்கிறது. இவை வேண்டும்; எண்ணைச் சுழற்றத் தயங்கவும் வேண்டாம். ஆனால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாத பெண்ணின் பதற்றத்தை மருத்துவப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால், அந்தப் பதற்றத்தை உருவாக்கிய ஆணை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். செவிலியருக்கே இவ்வளவு என்றால், அந்த வார்டுகளைத் துடைத்த, பிணங்களைச் சுமந்த தூய்மைப் பணியாளர்களின் தூக்கத்தைப் பற்றிக் கேட்கக்கூட ஆளில்லை. அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அவர்களுக்குச் சூட்டப்பட்ட பெயர் 2020-இல் மாறியது, ஒப்பந்தக்காரர் மாறவில்லை.

எண்ணப்படாதவர்கள்

2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், கோவிடால் இறந்த மருத்துவப் பணியாளர்களின் விவரம் மத்திய அளவில் பராமரிக்கப்படவில்லை, சுகாதாரம் மாநிலப் பொறுப்பு என்று ஒன்றிய அரசு பதில் சொன்னது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகில் சுமார் 1,15,500 மருத்துவ, பராமரிப்புப் பணியாளர்கள் இறந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதுவும் மதிப்பீடுதான். இறந்தவர்களையே எண்ணாத இடத்தில், உயிரோடு இருந்து உறக்கம் இழந்தவர்களை யார் எண்ணுவார்கள்?

கனடாவில் குறைந்தபட்சம் ஓர் ஆணையம் இருந்தது. செவிலியரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, சொல்லுங்கள் என்றது. அவர்கள் சொன்னது மூன்று தொகுதிகளாக நூலகத்தில் இருக்கிறது. வழக்கில் தோற்றாலும் அவர்களின் வார்த்தை தோற்கவில்லை. நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. செவிலியக் கல்லூரி மாணவிகளே, வரலாறும் சமூகவியலும் படிக்கும் தோழிகளே, உங்கள் தெருவிலேயே 2020-இலும் 2021-இலும் வார்டில் நின்ற ஒரு பெண் இருப்பார். ஒருவேளை உங்கள் அக்காவாகவோ சித்தியாகவோ இருக்கலாம். அவரிடம் தியாகத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். எத்தனை மணி நேரம் வேலை, சம்பளம் எப்போது வந்தது, யாரிடம் புகார் சொன்னார், என்ன பதில் கிடைத்தது, இப்போது தூங்குகிறாரா என்று கேளுங்கள். அவர் விரும்பினால் மட்டும், அவர் சொல்லும் சொற்களிலேயே, தேதி போட்டு எழுதி வையுங்கள்.